ஒன்ராறியோ ஏரியில் வீச்சுவலை எறியலாமா? எத்தனை தூண்டில் போடலாம்?

கடற்கரைப்பெடியன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்காபரோவுக்கு வந்து ஒரு வருசம் ஆகப்போகிறது. ஊர் பருத்தித்துறைப் பக்கம், சின்ன வயதிலிருந்தே கடலோடு பழக்கம். மாமா ஊருக்குப் போய் வந்தபோது ஒரு வீச்சுவலை கொண்டுவந்து தந்தார். புளஃபேர்ஸ் பார்க் கரையில் நின்றால் பெரிய பெரிய கெண்டைகள் கரைக்குக் கிட்ட வந்து புரளுவது தெரிகிறது. பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை.

கேள்விகள்: லைசென்ஸ் எடுத்தால் வலை எறியலாமா? ஒரு ஆள் இரண்டு மூன்று தூண்டில் போட்டுவிட்டு இருக்கலாமா? அப்பா சுப்பர் விசாவில் அடுத்த மாதம் வருகிறார், வயது 68. 65 தாண்டினால் லைசென்ஸ் தேவையில்லை என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னார். அது உண்மையா?

மார்க்கம்வாசி:

வலையைத் தொடாதே தம்பி. மற்றதை பிக்கரிங் அக்கா வந்து விபரமாகச் சொல்லுவா.

பிக்கரிங்அக்கா:

வணக்கம் தம்பி. நான் மாதகல். அப்பா வலைத்தொழில் செய்தவர், வீச்சுவலையை நானே எறிந்திருக்கிறேன். இங்கே வந்த பிறகு தூண்டில்தான். அதனால் உங்கள் கை ஏன் அரிக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் வலை. பொழுதுபோக்குக்கு மீன் பிடிப்பவர் ஒன்ராறியோவில் வீச்சுவலை எறிய முடியாது, லைசென்ஸ் இருந்தாலும் முடியாது. எங்கள் ஊரில் தடைசெய்தது எது என்று கேட்டுவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் செய்வோம். இங்கே நீங்கள் அதைத் திருப்பிக் கேட்க வேண்டும்: எந்தக் கருவிக்கு அனுமதி தந்திருக்கிறார்கள்? அந்தப் பட்டியலில் இல்லாத எதையும் தண்ணீருக்குள் இறக்காதீர்கள். லைசென்ஸ் உங்களுக்குத் தருவது தூண்டில் உரிமை. அதற்கு மேல் சில சின்னச் சலுகைகள் உண்டு. இரைமீன் பிடிக்க, ஒவ்வொரு பக்கமும் 183 சென்ரிமீற்றருக்கு மேற்படாத ஒரு கைவலை வைத்திருக்கலாம். அல்லது 51 சென்ரிமீற்றர் நீளம், 31 சென்ரிமீற்றர் அகலத்துக்கு மேற்படாத ஒரு கூடு வைக்கலாம், அதில் உங்கள் பெயரும் முகவரியும் எழுதியிருக்க வேண்டும். ஒருவர் கையில் 120 இரைமீனுக்கு மேல் இருக்கக்கூடாது, கடையில் வாங்கியதும் அந்தக் கணக்கில் சேரும். மண்டா என்கிற மீன் ஈட்டி, அம்புவில் போன்றவை கெண்டை மாதிரிச் சில மீன்களுக்கு, சில வலயங்களில், சில மாதங்களில் மட்டும். புதிதாகத் தொடங்குபவர் அந்தப் பக்கமே போகத் தேவையில்லை.

வலயம் என்று சொன்னேன். மாகாணத்தை 20 மீன்பிடி வலயங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் நிற்கும் புளஃபேர்ஸ் பார்க் 20ஆம் வலயம், அதாவது ஒன்ராறியோ ஏரி. சிம்கோ ஏரி 16. ரைஸ் லேக், கவார்த்தா ஏரிகள் 17. ஒவ்வொன்றுக்கும் காலம் வேறு, அளவு வேறு, எண்ணிக்கை வேறு. உதாரணத்துக்கு வோல்ஐ மீனை எடுங்கள். கவார்த்தா ஏரிகளில் 35 முதல் 50 சென்ரிமீற்றர் வரை உள்ளதைத்தான் வைத்திருக்கலாம். 52 சென்ரிமீற்றரில் நல்ல கொழுத்த மீன் வந்தாலும் விட்டுவிட வேண்டும், அதுதான் முட்டையிடும் தாய். மாகாணத்தின் ‘ஃபிஷ் ஒன்லைன்’ வரைபடத்தில் ஏரியைத் தொட்டால் அந்த இடத்து விதி வரும். போகும் முன் அதைப் பாருங்கள். நண்பர் சொன்னார் என்று போகாதீர்கள், நான் சொன்னேன் என்றும் போகாதீர்கள். விதி மாறும்.

தூண்டில் எண்ணிக்கைக்கு வருவோம். பொதுவான விதி ஒருவருக்கு ஒன்று. ஒரு தங்கூசியில் (தூண்டில் நரம்பில்) நான்கு கொழுக்கி வரை கட்டலாம், மூன்று முனைக் கொழுக்கி ஒன்றாகத்தான் கணக்கு. பேரேரிகளில் படகில் போனால் பல இடங்களில் இரண்டு தூண்டில் போடலாம். கரையில் நிற்பவருக்கு அது பொருந்தாது.

ஆனால் நீங்கள் கண் வைத்திருப்பது கெண்டையில், அதற்குத் தனிச் சலுகை இருக்கிறது. தெற்கு வலயங்களில் கெண்டை மட்டும் பிடிப்பவர் கரையிலோ இறங்குதுறையிலோ நின்று மூன்று தூண்டில் வரை போடலாம். இரை தாவரமாக இருக்க வேண்டும், அல்லது செயற்கைச் சோளம். மூன்றும் ஒன்றுக்கொன்று இரண்டு மீற்றருக்குள் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்றில் மண்புழுவைக் குத்தினீர்களோ, சலுகை போய்விட்டது. நான் தகரச் சோளத்தை வடித்து, நாலைந்து மணியைச் சின்னக் கொழுக்கியில் கோத்துப் போடுவேன். முதலில் தங்கூசி மெல்லத் தளரும், அப்புறம் ஒரு இறுக்கம், அதற்குப் பிறகு றீல் கத்தத் தொடங்கும். பத்துக் கிலோக் கெண்டையை மெல்லிய தங்கூசியில் கரைக்குக் கொண்டுவந்து பாருங்கள், வலையை மறந்துவிடுவீர்கள்.

அப்பா விசயம் முக்கியம், பலர் இதில் மாட்டியிருக்கிறார்கள். 65 வயதுச் சலுகை கனடாவில் வசிப்பவர்களுக்குத்தான். சுப்பர் விசாவில் வருபவர் பார்வையாளர், 68 என்றாலும் 78 என்றாலும் வெளிநாட்டவர் லைசென்ஸ் எடுக்க வேண்டும். ஒருநாள் லைசென்ஸ் இருக்கிறது, அதற்கு அவுட்டோர்ஸ் கார்ட் (லைசென்ஸோடு எடுக்கும் மாகாண அடையாள அட்டை) தேவையில்லை. யூலை முதலாம் திகதியை ஒட்டிய வாரத்திலும், தந்தையர் தினம் போன்ற சில வார இறுதிகளிலும் லைசென்ஸ் இல்லாமல் பிடிக்க விடுவார்கள். அதுவும் கனடாவில் வசிப்பவர்களுக்கே, அப்பாவைச் சேர்த்துவிடாதீர்கள். உங்களுக்கு, விண்ணப்பிக்கும் முன் பன்னிரண்டு மாதத்துக்குள் தொடர்ந்து ஆறு மாதம் இங்கே வாழ்ந்திருந்தால் ஒன்ராறியோவாசிக்கான லைசென்ஸ் கிடைக்கும். ஸ்போர்ட், கொன்சர்வேஷன் என்று இரண்டு வகை. இரண்டாவது விலை குறைவு, வைத்திருக்கக்கூடிய மீனும் குறைவு. பொழுதுபோக்குக்கு அது தாராளம்.

கடற்கரைப்பெடியன்:

நன்றி அக்கா. லைசென்ஸ் விசயத்தில் என்னைக் காப்பாற்றிவிட்டீர்கள். இன்னும் ஒன்று. போன செப்டெம்பரில் ஆறு ஒன்றில் சமன் (salmon) மீன் ஏறுவதைப் பார்க்கப் போனோம். இரண்டு பேர் பெரிய மூன்று முனைக் கொழுக்கியில் ஈயக்குண்டு கட்டி எறிந்து, வெடுக் வெடுக்கென்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். மீன் வயிற்றில் கொளுவி வந்தது. அதுவும் தூண்டில்தானே, அது சரியா?

பிக்கரிங்அக்கா:

சரியே இல்லை. அதற்கு இங்கே ‘ஸ்னாகிங்’ என்று பெயர், மாகாணம் முழுவதும் குற்றம். வாயில் அல்லாமல் உடம்பில் குத்தி எடுப்பதற்காகக் கொழுக்கியை இழுக்கக்கூடாது. தற்செயலாக முதுகிலோ வாலிலோ கொளுவிவிட்டால் உடனே கழற்றி விட வேண்டும், அது எவ்வளவு பெரிய மீனாக இருந்தாலும்.

இதைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். ஏரியிலிருந்து ஆற்றுக்குள் ஏறத் தொடங்கிய சினூக் சமன் இரை தின்பதை நிறுத்திவிடும். உடம்பில் சேர்த்த கொழுப்பை எரித்தபடி மேலே போய், முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். தண்ணீர் முழங்கால் ஆழம்கூட இருக்காது. முதுகு வெளியே தெரிய, வால் கல்லில் தேய்ந்து வெள்ளையாகி, ஒரு மடுவிலிருந்து அடுத்த மடுவுக்குத் தாவும். அப்படி ஒடுங்கி நிற்கிற மீனின் வயிற்றைக் கொழுக்கியால் கிழிக்கிறார்கள். முட்டை ஆற்றில் சிந்தி ஓடுவதை நான் கண்ணால் கண்டேன். முட்டையை எடுத்துக்கொண்டு மீனைக் கரையில் எறிந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. தின்னக்கூடிய மீனை வீணாக்குவதும் தனிக் குற்றம்தான்.

அதோடு, மீன் ஏணிக்கும் (மீன்கள் அணையைத் தாண்டி ஏறக் கட்டிய படிக்கும்) தடுப்பணைக்கும் கீழே ஏறக்குறைய 23 மீற்றருக்குள் தூண்டில் போடக்கூடாது. மீன்கள் கும்பலாகத் தேங்கி நிற்பதும் அங்கேதான், ஆட்கள் போய் நிற்பதும் அங்கேதான். பல ஆறுகளில் ஒரு பாலத்துக்கு மேலே காலம் மூடியிருக்கும், கீழே திறந்திருக்கும். வரைபடத்தில் அந்தப் பாலம் எது என்று பார்த்துவிட்டுப் போங்கள். அடுத்தமுறை அப்படிக் கண்டால் நீங்கள் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். இடம், நேரம், வாகன இலக்கம் குறித்துக்கொண்டு மாகாண இயற்கைவள அமைச்சின் முறைப்பாட்டு இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். மீன்பிடி விதியைக் கண்காணிக்கிற கொன்சர்வேஷன் ஒஃபிசர் வந்தால் தூண்டிலையும் மீனையும் பறிமுதல் செய்யும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது.

ஊரில் பெற்றோமக்ஸ் கொளுத்தி மீனைக் கரைக்கு இழுப்போமே, அதுவும் இங்கே கூடாது. தூண்டிலில் இணைந்த சின்ன வெளிச்சம் பரவாயில்லை. கைவலையில் ஸ்மெல்ற் போன்ற ஓரிரு மீன் பிடிப்பவர்களுக்கு மட்டும் விளக்கு விலக்கு உண்டு.

சிம்கோகுளிர்:

அக்கா சொன்னதோடு குளிர்கால விசயமும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிம்கோ ஏரி உறைந்த பிறகு ஒருவர் இரண்டு தூண்டில் போடலாம். ஆனால் இரண்டும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், 60 மீற்றருக்குள் நீங்கள் நிற்க வேண்டும். ஓட்டையில் போட்டுவிட்டுக் காருக்குள் போய் ஹீற்றரைப் போட்டுப் படுக்கிற வேலை வேண்டாம். பேர்ச் மீன் ஸ்போர்ட் லைசென்ஸில் 50, கொன்சர்வேஷனில் 25. மிளகாய்த்தூளும் மஞ்சளும் போட்டு முறுகப் பொரித்தால் பிள்ளைகள் முள்ளோடு சாப்பிடுவார்கள்.

ஒருவர் பிடித்த மீன் அவருடைய கணக்கில்தான். உங்கள் 25 முடிந்ததும் மனைவியின் பெயரில் நீங்கள் தொடர்ந்து பிடிக்க முடியாது.

கடற்கரைப்பெடியன்:

இரை எங்கே வாங்குவது? சிம்கோவுக்குப் போகும்போது வீட்டுக்குக் கிட்ட உள்ள கடையில் சின்ன மீன் வாங்கிக்கொண்டு போகலாமா? பிடித்ததை வாளியில் உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவரலாமா? அம்மாவுக்கு உயிர் மீன் என்றால்தான் குழம்பு குழம்பாக இருக்கும்.

பிக்கரிங்அக்கா:

உயிரோடு கொண்டுபோகக்கூடாது தம்பி. ஏரியில் பிடித்த மீனை உயிரோடு ரோட்டில் ஏற்றினால் சட்டமீறல், இரைமீனுக்கு மட்டும் விலக்கு. கரையிலேயே கொன்று ஐஸ் போட்டுக் கொண்டுபோங்கள். அம்மாவுக்குக் குழம்பு ருசி குறையாது, நான் உத்தரவாதம். ஆனால் கரையில் வைத்து வெட்டித் துண்டு போடாதீர்கள். அளவு விதி உள்ள மீனை ஒஃபிசர் அளந்து பார்க்கக்கூடியதாக, இன்ன மீன் என்று தெரியக்கூடியதாக வைத்திருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் வீட்டில் மணக்கக்கூடாது என்று அங்கேயே செதில் உரித்துத் தலை வெட்டிக் கழுவிவிடுவார்கள், அதில்தான் பிரச்சினை வருகிறது.

இரைமீனுக்கு 2022 ஜனவரியிலிருந்து புது விதி. மாகாணத்தைப் பெரிய இரை வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இரைமீனையும், இரையாகப் போடும் அட்டைப்பூச்சியையும் ஒரு வலயத்திலிருந்து இன்னொன்றுக்கு உயிரோடோ செத்தோ கொண்டுபோகக்கூடாது. வடக்கே கொட்டேஜ் எடுத்துப் போகிறவர்கள் அங்கேயே, அனுமதி பெற்ற கடையில் வாங்கி, ரசீதைக் கையில் வைத்திருக்க வேண்டும். அந்த இரையை வாங்கி இரண்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். ஸ்காபரோவும் சிம்கோவும் ஒரே தெற்கு இரை வலயம், அதனால் உங்கள் பயணத்துக்குத் தடையில்லை. மிஞ்சிய இரையையும் வாளித் தண்ணீரையும் ஏரியிலோ கரையிலிருந்து 30 மீற்றருக்குள்ளோ ஊற்றாதீர்கள்.

இந்த விதியை எரிச்சலோடு பார்க்கிறவர்களுக்கு நான் கோபி (goby) என்கிற சின்ன மீனைக் காட்டுவேன். புளஃபேர்ஸ் பார்க்கில் பிள்ளைகள் புழுப் போட்டால் முதலில் வருவது அதுதான். விரல் நீளம், மண்ணிறப் புள்ளி, முன் முதுகுச் செட்டையில் ஒரு கறுப்புப் பொட்டு, அடியில் இரண்டு செட்டையும் ஒன்றாகி உறிஞ்சி மாதிரி இருக்கும். கருங்கடல் பக்கத்து மீன், கப்பல்களின் அடித்தொட்டித் தண்ணீரோடு வந்து 1990இல் சென் கிளெயர் ஆற்றில் முதலில் பிடிபட்டது. இன்று கல்லுக்குக் கல் அதுதான், மற்ற மீன்களின் முட்டையைத் தின்றுவிடும். இதை இரையாகப் போடக்கூடாது, செத்ததையும் போடக்கூடாது. பிடிபட்டால் திரும்ப விடாமல் கொன்றுவிடுங்கள். பிள்ளை அழுதாலும் அதுதான் செய்ய வேண்டியது.

ஈயக்குண்டைப் பற்றி ஒரு வரி. தேசியப் பூங்காக்களுக்குள் 50 கிராமுக்குக் குறைந்த ஈயத்தால் செய்த குண்டும் ஜிக்கும் (ஈயத்தலை உள்ள கொழுக்கி) தடை. தண்ணீரில் விழுந்த ஈயத்தை லூன் பறவை கல்லென்று விழுங்கி நஞ்சேறிச் சாகிறது. நான் எங்கே போனாலும் உருக்கு, டங்ஸ்டன் குண்டுதான் போடுகிறேன். கொஞ்சம் விலை கூட, அவ்வளவுதான்.

பெரிய கெண்டையைச் சாப்பிட யோசித்தால், மாகாணம் போடும் மீன் உண்ணும் வழிகாட்டியில் அந்த இடத்தையும் நீளத்தையும் பார்த்துவிட்டுச் சமையுங்கள். பெரிய மீனில் மாசு கூடச் சேர்ந்திருக்கும், கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் அளவு தனியாகக் கொடுத்திருப்பார்கள்.

வலையை மாமாவிடம் திருப்பிக் கொடுங்கள், அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது கொண்டுபோகட்டும். காரில் வைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகாதீர்கள். அப்பா வந்ததும் ஒருநாள் லைசென்ஸ் எடுத்துவிட்டு எனக்கு இங்கே எழுதுங்கள். சோளம் எப்படிக் கோப்பது என்று அவருக்கு நானே காட்டித் தருகிறேன்.