கடைமடை விட்ஜெட்டுக்கும் இடம் கிடைக்க: லேஅவுட் அடிப்படை வகுப்பு எழுதிய அனுபவங்கள்

மன்னார்குடியிலிருந்து

வணக்கம். எங்கள் பகுதி அரவை ஆலை ஒன்றுக்காக, நெல் வரவைப் பதிவு செய்யும் மென்பொருளைப் பைத்தான் நிரல்மொழியில், திரைகளை அமைக்க உதவும் க்யூட்டி நூலகத்தைக் கொண்டு எழுதினேன். மூட்டைக் கணக்கு, எடை, ஈரப்பதம், வண்டி எண் என்று மொத்தம் 11 திரைகள். ஒவ்வொரு பெட்டியின் இடத்தையும் அகலத்தையும் எண்களாகவே எழுதி வைத்திருந்தேன். ஆங்கிலத் தலைப்புகளோடு என் மடிக்கணினியில் ஒழுங்காகத் தெரிந்த திரையை, ஆலை அலுவலகத்தின் 1366க்கு 768 பிக்சல் திரையில் தமிழ்த் தலைப்புகளோடு திறந்தபோது, ‘ஈரப்பத விழுக்காடு’ என்பது பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. குறுவை நெல் வண்டிகள் வாசலில் வரிசையாக நின்ற நேரம் அது. எந்தக் கட்டத்தில் ஈரப்பதத்தை எழுதுவது, எதில் எடையை எழுதுவது என்று கணக்கர் என்னிடம் கேட்டபோது மிகவும் வருந்தினேன்.

ஆகவே எண்களாக எழுதுவதை விட்டுவிட்டு, திரையிலுள்ள பெட்டி, தலைப்பு, பொத்தான் போன்ற விட்ஜெட்டுகளுக்கு இடத்தைத் தானே கணக்கிட்டுத் தரும் லேஅவுட்டை நாடினேன். அது என்ன வேலை செய்கிறது என்பது எனக்கு நம்மூர் வாய்க்காலை வைத்துத்தான் பிடிபட்டது. கல்லணையில் தண்ணீரைக் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்துவிடுவதற்கு முன்னால், எந்தப் பாசனப் பகுதிக்கு எவ்வளவு தேவை என்ற கணக்கு கீழேயிருந்து மேலே வந்தாக வேண்டும். அதன் பிறகுதான் மதகுகள் வழியாகத் தண்ணீர் மேலிருந்து கீழே செல்ல முடியும். விட்ஜெட்டுகளுக்கும் இதே இரு நடைதான். முதல் நடையில் பிள்ளை, அதாவது பலகத்துக்குள் இருக்கும் விட்ஜெட், ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய அளவையும், அதற்குக் கீழே குறைக்கக் கூடாத அளவையும் சொல்கிறது. இரண்டாம் நடையில் தாய், அதாவது அவற்றைத் தாங்கும் பலகம், தன் கையிலுள்ள இடத்தைப் பங்கிட்டு, ஒவ்வொன்றையும் அதனதன் செவ்வகத்தில் அமர்த்துகிறது. குறைந்தபட்ச அளவைக் கேட்காமல் பங்கிட்டால் கடைமடை வயல் காய்வதைப் போலக் கடைசி விட்ஜெட் காணாமல் போய்விடும்.

ஆகவே எல்லா லேஅவுட்டுகளுக்கும் பொதுவான நிரலைத் தாங்கும் அடிப்படை வகுப்பில் இந்த வரிசையை மட்டுமே வைத்தேன். பிள்ளைகளின் பட்டியல், ஓர இடைவெளி, அளந்த அளவுகளின் நினைவகம், ஏதேனும் மாறினால் அந்த நினைவகத்தைச் செல்லாததாக்கும் வழி ஆகியவை அதன் பொறுப்பு. பங்கீட்டு முறை மட்டும் அதிலிருந்து கிளைக்கும் சேய் வகுப்புகளுடையது. வரிசை, கட்டம், இடம் போதாதபோது அடுத்த வரிக்கு மடியும் அமைப்பு என்ற மூன்று சேய் வகுப்புகள் எனக்குப் போதுமாயின.

அதிக நாள் எடுத்துக்கொண்டவை சிறிய விஷயங்களே. 1366 பிக்சலில் இருபுறமும் 12 பிக்சல் ஓரத்தையும், நான்கு பத்திகளுக்கு நடுவே 8 பிக்சல் வீதம் மூன்று இடைவெளிகளையும் கழித்தால் மீதி 1318. அதை நான்கால் வகுத்தால் பத்திக்கு 329.5 வருகிறது. ஒவ்வொரு அகலத்தையும் தனித்தனியே முழு எண்ணாகக் குறைத்தால் வலப்பக்கத்தில் 2 பிக்சல் அநாதையாக நிற்கும். அகலங்களைக் கணக்கிடாமல் எல்லைகளைக் கணக்கிட்டேன்: 0, 329, 659, 988, 1318. பத்திகளின் அகலம் 329, 330, 329, 330 என்று அமைந்து, மிச்சம் இல்லாமல் தீர்ந்தது. மறைத்து வைக்கப்பட்ட விட்ஜெட்டை விட்டுவிட்டு, அதை அடுத்த இடைவெளியை மட்டும் கூட்டிக்கொண்டிருந்ததால் திரையில் வந்த இரட்டை இடைவெளியைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. மறைந்த பிள்ளையைப் பட்டியலிலிருந்து வடிகட்டும் வேலையும் அடிப்படை வகுப்புக்குரியது என்று அப்போது முடிவு செய்தேன். அதைச் சேய் வகுப்புகளிடம் விட்டிருந்தால் மூன்று இடங்களில் அதே பிழையைத் திருத்தியிருப்பேன்.

கும்பகோணத்திலிருந்து

தங்கள் பதிவு எனக்குப் பெரிதும் உதவியது, ஐயா. நான் ஜாவா நிரல்மொழியில் வேறொரு தவறு செய்தேன். ஒழுங்குபடுத்தும் முறையைப் பலகத்தின் வகுப்புக்குள்ளேயே எழுதி, ‘கட்டப் பலகம்’, ‘வரிசைப் பலகம்’ என்று சேய் வகுப்புகளாகப் பெருக்கினேன். சாளரத்தைக் குறுக்கும்போது கட்டத்தை வரிசையாக மாற்றவேண்டி வந்தபோது, பலகத்தையே அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டவேண்டியிருந்தது. பயனர் தட்டச்சு செய்த விவரங்களும் அதோடு போயின. ஜாவாவின் திரை அமைக்கும் நூலகமான ஏடபிள்யூடியில் லேஅவுட் மேலாளர் என்பது பலகத்திலிருந்து தனியாக நிற்கும், ஐந்தே செயற்கூறுகள் (அழைத்தால் ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதிகள்) கொண்ட ஓர் இடைமுகம் என்பதை அதன்பிறகே கவனமாகப் படித்தேன்: சேர்த்தல், நீக்கல், விரும்பும் அளவு, குறைந்தபட்ச அளவு, அமர்த்தல். 2020ஆம் ஆண்டு வெளியான, அதேபோன்ற நூலகமான ஜிடிகே 4-இலும், பிள்ளைகளைத் தாங்கிய பழைய கன்டெய்னர் வகுப்பை நீக்கிவிட்டு, லேஅவுட் மேலாளரைத் தனிப் பொருளாக்கியிருக்கிறார்கள். பலகத்தை மாற்றாமல் மேலாளரை மட்டும் மாற்ற முடிகிற இந்த வழியையே நான் எவருக்கும் பரிந்துரைப்பேன்.

திருவாரூரிலிருந்து

அமர்த்தும் நடையில் பிள்ளையின் அளவை மாற்றும் எதையும் செய்யக் கூடாது என்பதை நான் கஷ்டப்பட்டுக் கற்றேன். இடம் போதாதபோது எழுத்துருவைச் சிறிதாக்கும்படி அந்த நடைக்குள்ளேயே எழுதியிருந்தேன். எழுத்துரு சிறியதானதும் பிள்ளை தன் அளவு மாறிவிட்டதென்று தாய்க்குத் தெரிவித்தது. தாய் மறுபடி அளந்து, இடம் மிச்சமிருப்பதைக் கண்டு எழுத்துருவைப் பெரிதாக்கியது. திரை ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. எழுத்துருவைத் தேர்வு செய்வதை அளக்கும் நடைக்கு முன்பே முடித்துவிடும்படி மாற்றியதும் அது நின்றது.

மன்னார்குடியிலிருந்து

கும்பகோணம் நண்பர் சொன்னபடி பலகத்தையும் மேலாளரையும் பிரித்துப் பார்த்துவிட்டேன், நன்றாகப் பொருந்துகிறது. இன்னும் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். தமிழில் ‘கொள்முதல்தாரர்களுக்கான’ போன்ற ஒட்டுச்சொற்கள் நீளமானவை. தலைப்பை மடித்து எழுதினாலும் சொல்லை நடுவில் முறிக்காத வரையில், அதிலுள்ள மிக நீளமான சொல்லின் அகலமே அந்தத் தலைப்பின் குறைந்தபட்ச அகலம். அகலம் குறையும்போது வரிகள் கூடி உயரம் வளர்வதால், கொடுக்கப்பட்ட அகலத்துக்கு உரிய உயரத்தைக் கேட்கும் செயற்கூறும் அடிப்படை வகுப்பில் இருக்க வேண்டும். க்யூட்டியில் அதற்கென்றே தனிச் செயற்கூறு உண்டு. என் வகுப்பில் அதை இப்போதுதான் எழுதி வருகிறேன். சம்பா அறுவடை தொடங்குவதற்குள் 11 திரைகளையும் இந்த வகுப்புக்கு மாற்றிக்கொடுப்பதாக ஆலைக் கணக்கரிடம் வாக்களித்திருக்கிறேன். இதுவரை ஏழு திரைகள் முடிந்திருக்கின்றன.