அவெராஃப்: ஒத்தக் கப்பல் ஒரு கடற்படையையே முடக்குச்சா?

பழைய_நங்கூரம்:
ஏதென்ஸ் பக்கத்துல ஃபாலிரோல மியூசியமா நிக்குதே ஜார்ஜியோஸ் அவெராஃப்ங்கிற கிரேக்கப் போர்க்கப்பல், அதப்பத்தி படிச்சுட்டிருக்கேன். 1912ல கிரீஸும் பக்கத்து நாடுகளும் துருக்கியோட மோதுன பால்கன் போர்ல இந்த ஒரே கப்பலுக்குப் பயந்துதான் துருக்கி கடற்படை டார்டனெல்ஸ் ஜலசந்திக்குள்ளயே அடஞ்சு கெடந்துச்சாம். கொஞ்சம் ஓவரா இல்ல? அவங்ககிட்ட 280 மிமீ பீரங்கி வெச்ச பேட்டில்ஷிப் இருந்துச்சு, இதுல பெருசே 234 மிமீதான். அப்புறம் உலகத்துல மிஞ்சியிருக்கிற ஒரே ஆர்மர்டு க்ரூசர் (கவசம் போட்ட வேகமான போர்க்கப்பல்) இதுதான்னு வேற போட்டிருக்கு, அப்ப ரஷ்யாவுல பீட்டர்ஸ்பர்க்ல நிக்கிற அரோரா க்ரூசர்?

இரும்புத்தளம்:
அரோரா ப்ரொடெக்டட் க்ரூசர் ப்ரோ. அதுக்கு உள்ள டெக்ல மட்டும்தான் கவசம். அவெராஃபுக்குப் பக்கவாட்டுலயே 200 மிமீ வரைக்கும் எஃகு பெல்ட் உண்டு. ரெண்டும் வேற ஜாதி.

அலைக்கணக்கு:
பீரங்கி சைஸ விடுங்க, வேகத்தப் பாருங்க. அந்த பேட்டில்ஷிப் ரெண்டும், பார்பரோஸ், துர்குத் ரெயிஸ், ஜெர்மனி ஓட்டித் தேஞ்சதுக்கப்புறம் 1910ல வித்த பழசு, புதுசுலயே 16, 17 நாட் (மணிக்கு இத்தன கடல் மைல்) வேகம்தான், அவெராஃப் 20க்கு மேல அசால்ட்டா போகும், அதனாலதான் 1912 டிசம்பர் 16 எல்லி சண்டைல கிரேக்க அட்மிரல் குந்துரியோட்டிஸ் இசட் கொடிய ஏத்தி நான் தனியா போறேன்னு சொல்லிட்டு கூட வந்த மூணு பழைய கப்பலையும் பின்னாடி விட்டுட்டு எதிரி வரிசையோட மூக்குக்கு நேரா குறுக்க போனாரு, அவங்க திரும்பி ஜலசந்திக்குள்ள ஓடிட்டாங்க.

அடுத்த மாசம் துருக்கிக்காரங்க ஹமிதியேங்கிற க்ரூசர வெளிய விட்டு கிரீஸோட சீரோஸ் தீவுல குண்டு போட்டு இவரத் தூரமா இழுக்கப் பாத்தாங்க. ஏதென்ஸ்லேருந்தே துரத்துன்னு ஆர்டர் வந்தும் மனுஷன் நகரல! 1913 ஜனவரி 18 லெம்னோஸ்ல மறுபடி அடி, அதோட சரி.

ஆனா ஒத்தக் கப்பல்ங்கிறத நான் ஒத்துக்க மாட்டேன். 1912 அக்டோபர்லயே கிரேக்கப் படை லெம்னோஸ் தீவப் புடிச்சு, ஜலசந்தி வாசல்லயே முத்ரோஸ்ல பேஸ் போட்டாங்க. அது இல்லன்னா இவ்ளோ வேகம் இருந்தும் சும்மாதான்.

பழைய_நங்கூரம்:
ஓ, பேஸ் மேட்டர் தெரியாது, நன்றி. இத்தாலில கட்டுனதுதானே இது?

இரும்புத்தளம்:
ஆமா, லிவோர்னோல. இத்தாலி கடற்படைக்குன்னு ஆரம்பிச்சு அவங்க வேணாம்னதும் கிரீஸ் வாங்குச்சு, விலைல மூணுல ஒரு பங்கு அவெராஃப்ங்கிற பணக்காரர் உயில் காசு, அதான் அவர் பேரு. 1911ல இங்கிலாந்துல ப்ளூ சீஸ் (வேணும்னே பூசணம் வெச்சு செய்யற பாலாடைக்கட்டி) குடுத்தப்ப பூசணம் புடிச்சதப் போடறாங்கன்னு மாலுமிங்க கலாட்டா பண்ணது தனிக்கதை.

அலைக்கணக்கு:
எனக்குப் புடிச்சது 1941தான். ஜெர்மன்காரன் வர்றான், கப்பல நீங்களே மூழ்கடிச்சுடுங்கன்னு ஆர்டர், மாலுமிங்க துறைமுகத் தடுப்ப அறுத்துட்டு கிரீட் வழியா அலெக்சாண்ட்ரியா போய்ட்டாங்க. அப்புறம் பம்பாய் வந்து இந்தியப் பெருங்கடல்ல கூட்டமா போற கப்பலுங்களுக்குக் காவல், முப்பது வயசுக் கிழவி! 1944 அக்டோபர்ல நாடு கடந்திருந்த அரசாங்கத்த ஏதென்ஸுக்குத் திருப்பிக் கூட்டிட்டுப் போனதும் இதே கப்பல்தான்.