யூதக் கல்யாணம்: எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது?

தென்றல்:
அமெரிக்க யூதக் கல்யாணங்கள் பலவற்றில் இப்போது மணப்பெண் மட்டும் மாப்பிள்ளையை ஏழு சுற்று வருவதில்லை. அவள் மூன்று, அவன் மூன்று, கடைசிச் சுற்று இருவரும் கைகோத்து. மோதிரமும் மாற்றிக்கொள்கிறார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. சம்பாத்தியம், சமையல் எல்லாம் சரிபாதி என்று வாழ்கிறவர்கள் ஹுப்பாப் பந்தலுக்குக் கீழே மட்டும் ஏன் ஏற்றத்தாழ்வாக நிற்கணும்?

குமரன்:
சுற்று வருவதை எப்படி வேண்டுமானாலும் மாற்றட்டும். அது அஷ்கெனாசி, அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி யூதர்களின் வழக்கம்; ஸ்பெயின் வழி வந்த செபார்டிகள் பலரிடம் கிடையாது. மோதிரம் வேறு விஷயம். இரண்டு சாட்சிகள் முன்னால் அவன் மோதிரம் கொடுத்து வாசகம் சொல்வதுதான் கல்யாணமே. அவளும் அப்போதே பதிலுக்குக் கொடுத்தால் பண்டமாற்றுப் போல ஆகிவிடும் என்பது பழைய சட்டத்தை விடாத ஆர்த்தடாக்ஸ் பிரிவு ரபிகளின் (மதகுருக்களின்) கவலை. சடங்கு முடிந்தபின் கொடுக்கட்டும், யார் தடுத்தார்கள்?

தென்றல்:
பெண்ணை ஆண் 'எடுத்துக்கொள்ளும்' சட்டம் அப்படியே நிற்கிறதே சார்! கெத்துபா என்கிற திருமண ஒப்பந்தத்தில் இன்னும் 200 சூஸ் என்று பழைய நாணயக் கணக்கு வாசிக்கிறார்கள்.

யாழினி:
இரண்டு பேரும் மோதிரத்திலேயே நிற்கிறீர்கள். சிக்கல் முறிவில் இருக்கிறது. 'கெத்' என்னும் விவாகரத்துப் பத்திரத்தைக் கணவன் மனமுவந்து தரணும். தராவிட்டால் அவள் 'அகுனா', கட்டுண்டவள். மறுமணம் கிடையாது. மீறி இன்னொருவனுக்குப் பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளை 'மம்சேர்', யூதர்களில் பெரும்பாலோரை மணக்க முடியாது. சுற்றை மாற்றுவதால் இதில் ஒரு முடிச்சாவது அவிழுமா? ஆர்த்தடாக்ஸைவிடச் சற்று நெகிழ்வான கன்சர்வேட்டிவ் இயக்கம் 1954-லேயே, மணமுறிவில் ரபி நீதிமன்றம் சொல்வதைக் கேட்போம் என்று தல்மூத் அறிஞர் சவுல் லீபர்மன் எழுதிய வாசகத்தைக் கெத்துபாவில் சேர்த்தது. ஆர்த்தடாக்ஸ் பக்கம் பெத் தின் ஆஃப் அமெரிக்கா என்னும் ரபி நீதிமன்றம் தரும் முன்-ஒப்பந்தம் இருக்கிறது: பிரிந்தபின் கெத் தர இழுத்தடித்தால் கணவன் ஜீவனாம்சமாக நாளுக்கு 150 டாலர் கட்டணும். சிவில் நீதிமன்றத்திலும் வழக்குப் போடலாம்.

குமரன்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மேசையில் உட்கார்ந்து போடும் கையெழுத்து அது. சடங்கில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, பெண்ணுக்குப் பாதுகாப்பும் கிடைத்துவிட்டது.

தென்றல்:
கையெழுத்துப் போட மறுக்கிற மாப்பிள்ளையை என்ன செய்வீர்கள்? இஸ்ரேலில் நிலைமை இன்னும் மோசம். அங்கே யூதர்களுக்கு ரபினேட் என்னும் அரசு அங்கீகாரம் பெற்ற ரபிகள் அமைப்பு வழியாகத்தான் கல்யாணம். பிடிக்காதவர்கள் சைப்ரஸ் போய்ப் பதிவுத் திருமணம் செய்கிறார்கள்; 1963 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் உள்துறை அதைப் பதிந்துகொள்ளும். ஆனால் இருவரும் யூதர் என்றால் விவாகரத்துக்கு மறுபடி ரபி நீதிமன்றம்தான்!

யாழினி:
அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: முன்-ஒப்பந்தம் இல்லாமல் கல்யாணம் நடத்திவைக்க மாட்டேன் என்று ரபிகளே சொல்லணும். அமெரிக்காவில் சிலர் அப்படித்தான் இருக்கிறார்கள். பெண்ணின் அம்மா அப்பாவும் மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கணும்.