மறு: ஆள் குறைந்த பிறகும் ஏறி நிற்கும் ஆட்டம் – ‘ஏறுகாவல்’ சரியா?

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

நான்கு நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன், இனியும் சும்மா இருக்க முடியவில்லை. கேள்வி இதுதான்: கால்பந்தில் சிவப்பு அட்டையில் ஆள் போன பிறகும் ஒரு பயிற்சியாளர் மிச்சம் இருக்கிறவர்களைக் கோலுக்கு முன்னால் கூட்டி வைக்காமல், தடுப்பு வரிசையை நடுக்கோடு வரைக்கும் ஏற்றி நிறுத்தி ஆடச் சொல்கிறாரே, அதற்குத் தமிழில் என்ன பெயர்? இதுவரை வந்தவை ‘உயர்கோடு’, ‘துணிவாட்டம்’, ‘எருமைமறம்’. மூன்றுமே எனக்கு ஒத்துவரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

> உயர்கோடு எளிமையாகத்தானே இருக்கிறது? படித்தவுடன் புரிகிறதே.

எளிமைதான் தங்கச்சி, புரிவதுதான் சந்தேகம். தமிழில் உயரம் என்றால் தரையிலிருந்து மேலே. மைதானத்தில் எதிரணிப் பக்கம் நகர்வதை நாம் யாரும் உயரம் என்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனிடம், கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூரில் தடுப்பு ஆடுகிற பையன், பதினேழு வயது, ‘உயர்கோட்டுத் தற்காப்புன்னா என்ன மக்கா?’ என்று கேட்டுப் பார்த்தேன். பந்தைக் காலடியில் உருட்டிக்கொண்டே யோசித்தான். ‘மேல வாற பந்தைத் தலையால அடிச்சு வெளிய விடுறதா மாமா?’ என்றான். தினமும் அந்த வேலையைச் செய்கிறவனுக்கே பிடிபடாத சொல்லை நம் விளையாட்டுக் கலைச்சொல் பட்டியலில் சேர்த்து என்ன பயன்?

புதிதாக இழைக்கு வந்தவர்களுக்காக, பேச்சு தொடங்கிய ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2023 நவம்பர் 6, லண்டனில் டாட்டன்ஹாம், செல்சி என்ற இரண்டு கிளப்பும் மோதின. அந்தப் பருவத்தில் அதுவரை பத்து லீக் ஆட்டத்திலும் தோற்காத டாட்டன்ஹாம், ஆறாவது நிமிடத்திலேயே குலுசெவ்ஸ்கியின் கோலால் முன்னுக்குப் போனது. 33-ஆவது நிமிடம் டாட்டன்ஹாமின் ரொமேரோவுக்குச் சிவப்பு அட்டை, அதில் கிடைத்த பெனால்டியைச் செல்சியின் பால்மர் உள்ளே அடித்தார். இடைவேளைக்கு முன்பே டாட்டன்ஹாமின் வான் டி வென், மேடிசன் இருவரும் காயத்தோடு வெளியே. 55-ஆவது நிமிடம் அதே அணியின் உடோகிக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை, அவரும் வெளியே. ஆக ஒன்பது பேர், ஸ்கோர் 1–1. உலகத்தில் எந்தப் பயிற்சியாளரும் இந்த இடத்தில் பின்னால் இழுத்துக்கொள்வார். டாட்டன்ஹாம் பயிற்சியாளர் ஆஞ்ச் போஸ்டெகோக்லு இழுக்கவில்லை. வரிசை நடுக்கோட்டை ஒட்டியே நின்றது. அவர்களுக்குப் பின்னால் பாதி மைதானம் வெறுமையாகக் கிடக்க, கீப்பர் விக்காரியோ பெட்டியை விட்டு ஓடி ஓடி வந்து பந்தைத் துரத்தினார். இருபது நிமிடம் அப்படியே 1–1 நின்றது, அதுதான் எனக்கு இன்றும் வியப்பு. 75-ஆவது நிமிடம் செல்சியின் ஸ்டெர்லிங் வரிசையைத் தாண்டி ஓடி, பக்கத்தில் வந்த ஜாக்சனுக்குப் பந்தைத் தள்ளிக் கொடுத்தார், 1–2. அதன் பிறகும் டாட்டன்ஹாமின் டையர் ஒரு பந்தை வலைக்குள் அடித்தார், ஆப்சைடு என்று கொடி உயர்ந்துவிட்டது, கோல் செல்லவில்லை. கடைசி நிமிடங்களில் ஜாக்சன் மேலும் இரண்டு, 1–4. ஐந்து பேராகக் குறைந்தாலும் இப்படித்தான் ஆடுவோம் என்ற பொருளில் ஆஞ்ச் பிறகு பேசினார். (ஏழு பேருக்குக் கீழே போனால் விதிப்படி ஆட்டமே நடக்காது, ஆனால் அவர் சொல்ல வந்தது நமக்குப் புரிகிறது.)

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கோலுக்கு முன்னால் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள் (எல்லோரும் பின்னால் கூடிக் காக்கிறார்கள் என்று பொருள்) என்று 2004-இல் மொரின்யோ சொன்னது, இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. அப்போது அவர் செல்சியின் பயிற்சியாளர், சொன்னது டாட்டன்ஹாமைப் பற்றி. அதே இரண்டு கிளப்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

> ‘துணிவாட்டம்’ என்று வைத்தால் அவருடைய மனவுறுதி தெரியும்.

மனவுறுதி தெரியும், ஆட்டம் தெரியாது. கலைச்சொல் என்பது பாராட்டுப் பத்திரம் அல்ல. அன்று ஆஞ்ச் செய்ததில் துணிவைவிடக் கணக்குதான் அதிகம். மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் என்று வையுங்கள். கீப்பரை விட்டால் எட்டுப் பேர். முழுக் களத்தையும் காக்க நினைத்தால் ஆளுக்கு ஏறக்குறைய 900 சதுர மீட்டர் வரும், ஒரு மனிதனால் ஆகாத காரியம். ஆகவே களத்தைச் சுருக்கியே ஆக வேண்டும். முப்பது மீட்டர் ஆழமுள்ள ஒரு பட்டைக்குள் எட்டுப் பேரும் நின்றால் ஆளுக்கு 255 சதுர மீட்டர். அது முடியும். இனி இந்தப் பட்டையை எங்கே போடுவது என்பதுதான் விஷயம். நம் கோலுக்கு முன்னால் போட்டால் பின்னால் இடமே இருக்காது, ஆனால் தவறிப்போகிற ஒவ்வொரு பந்தும் கோலுக்குப் பக்கத்தில்தான் தவறும். நடுக்கோட்டில் போட்டால் பின்னால் ஐம்பது மீட்டர் வெறும் புல். அதை ஆள் காக்கவில்லை, ஆப்சைடு விதி காக்கிறது: சக வீரர் பந்தைக் கொடுக்கும் நொடியில், கீப்பரை விட்டால் கடைசியாக நிற்கும் தடுப்பாளரையும் பந்தையும் தாண்டி எதிரணிப் பாதியில் நிற்கிறவர் அந்தப் பந்தை ஆடக் கூடாது. தன் சொந்தப் பாதியில் நிற்கிறவர் ஆப்சைடு ஆவதில்லை, எனவே நடுக்கோட்டைத் தாண்டி ஏறினால் ஒரு லாபமும் இல்லை. ஆஞ்ச் தன் வரிசையை நிறுத்திய இடம், விதி துணைக்கு வருகிற கடைசி இடம்.

இதில் ஓட்டை எங்கே என்றால், பந்தைக் கொடுக்கிறவனை யாராவது நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அவன் தலைதூக்கிப் பார்த்து நிதானமாகக் கொடுத்தால் கொடி காப்பாற்றாது, பின்னாலிருந்து ஓடி வருகிறவன் சரியான நேரத்தில் தாண்டிவிடுவான். இரண்டு ஆள் குறைந்தால் நெருக்குவதற்குத்தான் முதலில் ஆள் இல்லாமல் போகிறது. செல்சிக்கு இது பிடிபட அவ்வளவு நேரம் ஆயிற்று, அதனால்தான் இருபது நிமிடம் நின்றது என்று நான் நினைக்கிறேன்.

> பாலக்காட்டிலிருந்து: தொல்காப்பியத்திலேயே ‘எருமை’ என்ற துறை இருக்கிறது. புதிதாக ஏன் தேட வேண்டும்?

ஐயா, அந்தப் பரிந்துரையை வாசித்தபோது மனம் நிறைந்துவிட்டது. தும்பைத் திணையில் வரும் அந்த எருமையை ‘எருமைமறம்’ என்று இங்கே கொண்டுவந்து வைத்ததற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இடம் மாறுகிறது, கவனியுங்கள். அங்கே ‘கூழை தாங்கிய எருமை’ என்று வருகிறது. கூழை என்பது படையின் பின்பகுதி. தன் படை உடைந்து பின்வாங்கும்போது ஒருவன் மட்டும் பின்னால் தங்கி, வருகிறவர்களைத் தாங்கி நிற்பது. ஆஞ்ச் ஆட்டத்தில் படை பின்வாங்கவே இல்லை, யாரும் தனியாகவும் நிற்கவில்லை, எட்டுப் பேரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல முன்னால் போய் நின்றார்கள். எருமைமறம் என்றால் நேர் எதிரான படம் மனதில் வரும். வெறுமையான பாதியில் ஓடிய விக்காரியோவுக்கு வேண்டுமானால் அந்தப் பெயர் பொருந்தும்.

இனி என் பரிந்துரை. இது நான் உண்டாக்கியதல்ல, எங்கள் கரையில் காதில் விழுவது.

தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி என்று வரிசையாகக் கடல் ஓரம் போனால் நீரோடியோடு தமிழ்நாடு முடிகிறது, அடுத்தது பொழியூர், கேரளம். இரண்டு பக்கமும் பந்துதான் உயிர். மைக்கேல் சூசைராஜ் இந்தக் கரையில் வளர்ந்து இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வரை போனவர். இங்கே ஆள் குறைவதற்குச் சிவப்பு அட்டை வேண்டாம். பையன்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள், போனால் வாரக்கணக்கில் வரமாட்டார்கள், படகு கரை சேராவிட்டால் ஒன்பது பேரோடுதான் இறங்க வேண்டும். நான் ஆடிய காலத்தில் பொழியூர்க்காரர்களோடு ஓர் ஆட்டம் அப்படி வந்தது. வலது ஓரத் தடுப்பு நான். பயிற்சி தந்தவர் வயதான கடல்காரர், ஓரத்தில் நின்றுகொண்டு ஆட்டம் முழுக்க ஒரே சொல்லைத்தான் கத்தினார்: ‘ஏறி நில்லு! ஏறி நில்லு மக்கா!’ நடுக்கோட்டுக்குக் குதிகாலைக் கொடுத்து நின்றேன், அப்போதுதான் போட்ட ஈரச் சுண்ணாம்பு குதிகாலில் ஒட்டிக்கொண்டது. இரண்டு அடி பின்னால் நகர்ந்தாலும் அவர் குரல் வந்துவிடும். எதிர்ப்பக்கத்துப் பயிற்சியாளர் தன் ஆட்களிடம் கத்தியதும் அதையேதான், ‘கேறி நில்லு!’ மலையாளத்தில் கேறு, தமிழில் ஏறு. கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றோம். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் எங்கள் கீப்பர் பாய்ந்து பிடிக்க வேண்டி வந்த பந்துகளைக் கையில் எண்ணிவிடலாம்.

ஆகவே வேர்ச்சொல் ‘ஏறு’. முதலில் ‘ஏறுவரிசை’ என்று வைக்கலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் அது கணக்கிலும் கணினியிலும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குவதற்கு எப்போதோ நிலைத்துவிட்டது, குழப்பம் வேண்டாம். ‘ஏறுகாவல்’ என்றால்? இது வினைத்தொகை: ஏறிய காவல், ஏறுகின்ற காவல், ஏறும் காவல். வரிசை ஓரிடத்தில் நிற்பதல்ல, பந்தோடு சேர்ந்து நொடிக்கு நொடி ஏறிக்கொண்டே இருப்பது, அதற்கு வினைத்தொகையைவிடப் பொருத்தமான கட்டு இல்லை. வினைத்தொகை என்பதால் க் மிகாது, ‘ஏறுக்காவல்’ என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

இதற்கு எதிர்ச்சொல் ‘பதிகாவல்’. கோலுக்கு முன்னால் பதிந்து கிடப்பது. 2010 ஏப்ரல் 28 பார்சிலோனாவில், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில், மொரின்யோ பயிற்சி தந்த இன்டர் மிலான் ஆடியது அதுதான். 28-ஆவது நிமிடத்தில் இன்டரின் தியாகோ மோட்டா சிவப்பு அட்டையில் வெளியேற, மிச்ச நேரம் முழுக்கப் பத்துப் பேராகப் பதிந்து கிடந்து, 0–1 தோற்றும் இரண்டு ஆட்டக் கணக்கில் 3–2 என்று இறுதிக்குப் போனார்கள். மொரின்யோ அன்று பதிகாவல், ஆஞ்ச் அன்று ஏறுகாவல். இப்படி ஒரு வரியில் சொல்ல முடிகிறதா என்பதுதான் எனக்குச் சோதனை.

ஆள் எண்ணிக்கையைத் தனிச் சொல்லாக வைப்போம்: ‘ஆள்குறை’. சிவப்பு அட்டையோ, காயமோ, கரை சேராத படகோ, எதனால் குறைந்தாலும் ஆள்குறைதான். தேவைப்படும் இடத்தில் ‘ஆள்குறை ஏறுகாவல்’ என்று சேர்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் திணித்தால் எவரும் வாயில் வைக்க மாட்டார்கள்.

---

மேலே உள்ளதற்கு வந்த பதில்களுக்கு:

> யாழ்ப்பாணத்திலிருந்து: எங்களிடம் உதைபந்தாட்டம், கோல் காப்பாளர் என்று வழங்குகிறது. காவல் என்றால் பொலிஸ் நினைவு வராதோ?

வரலாம் அண்ணா. ஆனால் வயல்காவல், ஊர்க்காவல், இரவுக்காவல் எல்லாம் போலீஸுக்கு முன்பிருந்தே இருக்கின்றன. ‘ஏறுகாப்பு’ என்றாலும் பொருள் கெடாது, உங்கள் காப்பாளரோடும் ஒத்துப்போகும். காப்பு கையில் போடுவதும் ஆகிவிடுவதால் எனக்குக் காவல் மேல் சாய்வு. இரண்டையும் பட்டியலில் வைத்துவிடலாம், எது வாயில் நிற்கிறதோ நிற்கட்டும்.

> செங்கோட்டையிலிருந்து: ஏறு என்றால் காளை அல்லவா? ஏறுதழுவல் இருக்கிறதே.

அண்ணாச்சி, இருக்கட்டுமே. தொடரில் வரும்போது எது என்று தெரிந்துவிடும். கபடி பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். புரோ கபடியில் களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பாடி வந்தவரை மடக்கினால் கூடுதலாக ஒரு புள்ளி தருகிறார்கள். ஆள்குறையில் பின்வாங்காமல் ஏறிப் பிடிப்பதற்கு அங்கே விதியே பரிசு கொடுக்கிறது. ஆகவே ‘ஆள்குறை’ கால்பந்துக்கு மட்டுமான சொல்லாக இருக்கத் தேவையில்லை, கபடிப் பட்டியலிலும் ஏற்றுங்கள்.

> போஸ்டெகோக்லு கடைசியில் நீக்கப்பட்டுவிட்டாரே, தோற்ற உத்திக்கு எதற்கு இவ்வளவு பேச்சு?

2025 மே மாதம் பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1–0 வென்று ஐரோப்பா லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார், லீக்கில் 17-ஆவது இடம், ஜூனில் நீக்கினார்கள். அந்த இறுதியில் டாட்டன்ஹாம் பெரும்பாலும் பதிந்துதான் ஆடியது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் சொல் என்பது வென்றதற்கு மட்டும் வைப்பதில்லையே. நடந்ததற்குப் பெயர் வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. ஏறுகாவல் ஆடும்போது பின்னால் விட்ட வெறும் பாதியைக் கீப்பர் ஒருவரே பெருக்கி எடுக்க வேண்டியிருக்கிறது, விக்காரியோ அன்று செய்த வேலை. அதற்கு நம்மிடம் சொல் இல்லை. ‘வெளிக்காப்பாளர்’ என்று ஒன்று தோன்றியது, திருப்தியாக இல்லை. சனிக்கிழமை சின்னத்துறையில் ஆட்டம் இருக்கிறது, பையன்கள் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுவிட்டு எழுதுகிறேன்.