சேர்ந்து ஆறு வாரம்தான், நான் செய்த சேஞ்சால் (நெட்வொர்க் மாற்றத்தால்) நெட்வொர்க் விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விசாரணை. அவசரம்

புதுவரவு:
வணக்கம். இங்கே வந்து ஆறு வாரம் ஆகிறது. பெரிய டெலிகாம் கம்பெனி, நெட்வொர்க் ஆபரேஷன்ஸ். செவ்வாய் இரவு இரண்டு மணிக்கு மெயின்டனன்ஸ் விண்டோவில் (பராமரிப்புக்கு ஒதுக்கிய நேரத்தில்) ஒரு ரவுட்டர் கான்ஃபிக், அதாவது அமைப்பு, மாற்றம் செய்தேன். ஏற்கெனவே நாலு சைட்டில் செய்து முடித்த அதே வேலைதான். ஐந்தாவது சைட்டில் அடித்த அடுத்த நொடி எல்லாம் போய்விட்டது, எனக்கே ரவுட்டருக்குள் போக முடியவில்லை. 47 நிமிடம். பிரிட்ஜில், அதாவது எல்லோரும் சேரும் அவசர ஃபோன் அழைப்பில், முப்பது பேர் சேர்ந்தார்கள், யார் என்ன பதவி என்றுகூடத் தெரியவில்லை, கேள்வி கேட்டபோது குரலே வரவில்லை. இப்போது வெள்ளிக்கிழமை இன்சிடென்ட் ரிவ்யூ என்று அழைப்பு வந்திருக்கிறது, மேனேஜரும் அவருக்கு மேலே இரண்டு பேரும். வேலையை விட்டு எடுத்துவிடுவார்களா? மனைவியும் குழந்தையும் அடுத்த மாதம் வர டிக்கெட் போட்டாயிற்று. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

பழையகம்பி:
தம்பி, முதலில் நன்றாகத் தூங்குங்கள். நான் வந்த புதிதில் பட்ட பாடு இதைவிடப் பெரியது. வீடு கிடைக்க வங்கிக் கணக்கு கேட்டார்கள், வங்கிக் கணக்குக்கு வீட்டு முகவரி கேட்டார்கள், இரண்டு மாதம் தெரிந்தவர் வீட்டுத் தரையில் படுத்தேன். வேலையிலும் அப்படித்தான், பெரிய டெலிகாமில் யாரும் முழு வார்த்தையில் பேச மாட்டார்கள். எல்லாமே மூன்றெழுத்து. ஒரே சுருக்கத்துக்கு ரேடியோ டீமில் ஓர் அர்த்தம், பில்லிங் டீமில் இன்னொன்று. ஒரு நோட்டில் எழுதி வைத்தேன், ஆறு மாதத்தில் இருநூறு தாண்டிவிட்டது. மீட்டிங்கில் தலையை ஆட்டிவிட்டு வந்து இரவு உட்கார்ந்து தேடுவேன். நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள்.

புதுவரவு:
நன்றி அண்ணா. ஆனால் வெள்ளிக்கிழமை என்ன பேசுவது?

கோபுரத்தடி:
என் யோசனை, குறைவாகப் பேசுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில். நானாக வாயைத் திறந்து "என் தப்புதான்" என்று ஒரு மீட்டிங்கில் சொன்னேன், அந்த வரி அப்படியே மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) ஏறி வருடக் கடைசி மதிப்பீட்டில் வந்து நின்றது. அவர்கள் சிரித்துக்கொண்டு "யாரையும் குறை சொல்வதற்காக இல்லை" என்பார்கள். நம்ப வேண்டாம்.

இரவுஷிஃப்ட்:
இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். டாகாக்ஸ் லாகில், அதாவது ரவுட்டருக்குள் யார் வந்து என்ன செய்தார் என்ற பதிவில், நீங்கள் அடித்த ஒவ்வொரு கட்டளையும் உங்கள் பெயரோடு, நேரத்தோடு இருக்கிறது. ரிவ்யூவுக்கு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் வருவார்கள். அவர்களுக்குத் தெரிந்ததை நீங்கள் மறைத்தால் அதோடு நம்பிக்கை போய்விடும். நான் பதினோரு வருடம் நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் (NOC) இருந்தவன், சேஞ்சில் தவறு செய்ததற்காக வேலை போனவர் ஒருவரையும் பார்த்ததில்லை, லாகை அழிக்கப் பார்த்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அவர் மறுநாள் வரவில்லை.

கோபுரத்தடி:
நீங்கள் நிரந்தர ஊழியராக இருந்திருப்பீர்கள். காண்ட்ராக்ட் ஆளுக்கு அந்தக் கணக்கு வேறு.

விலகிவந்தவன்:
இரண்டு பேருக்கும் மேல் நான் ஒன்று சொல்கிறேன், டெலிகாமை விட்டே வந்துவிடுங்கள். ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை ரீஆர்க் (நிர்வாக மறுசீரமைப்பு), அதே வேலைக்குப் புதுப் பெயர், புது மேனேஜர். டிசம்பர் வந்தால் சேஞ்ச் ஃப்ரீஸ், எதையும் தொடக்கூடாது, அப்புறம் ஜனவரியில் இரண்டு மாத வேலையை இரண்டு வாரத்தில் இரவு இரவாக முடிக்க வேண்டும். நான் இருந்த இடத்தில் 5ஜி என்று பெரிதாகப் பேசுவார்கள், உள்ளே போனால் இருபது வருடத்துப் பில்லிங் சிஸ்டம், அதை எழுதியவர் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார்.

பழையகம்பி:
அந்தப் பில்லிங் சிஸ்டம் பற்றி மட்டும் ஒரு நாள் பேசலாம். இரவு வேலைக்கு அலவன்ஸ் உண்டு என்று ஆஃபர் லெட்டரில் இருந்தது, மூன்று வருடம் கேட்டுக் கேட்டு வாங்கினேன்.

இரவுஷிஃப்ட்:
எங்களுக்கு ஆன்-கால் (கூப்பிட்டால் வரத் தயாராக இருக்கும் முறை) அலவன்ஸை ஒரே மெயிலில் நிறுத்தினார்கள். நடு இரவில் கூப்பிட்டால் மட்டும் பதினைந்து நிமிடத்தில் லாகின் ஆக வேண்டும்.

சேஞ்ச்மேசை:
நம் கஷ்டங்களுக்குத் தனியாக ஓர் இழை தொடங்கலாம். இந்தத் தம்பிக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. நான் பல வருடமாக சேஞ்ச் மேனேஜ்மென்ட்டில் இருக்கிறேன், இப்படிப்பட்ட ரிவ்யூவை நடத்துகிற பக்கம். தம்பி, நீங்கள் சொல்லாத சில விஷயங்கள் வேண்டும். நேரடி ஊழியரா, வெண்டர் (ஆள் அனுப்பும் நிறுவனம்) மூலமாகவா? விசாவில் யார் பெயர்? சேஞ்சுக்கு ஒப்புதல் இருந்ததா? எம்ஓபி (வேலையைப் படிப்படியாகச் சொல்லும் செய்முறை) எழுதியது யார்? அந்த சைட்டுக்கு மாற்றுப் பாதை இருந்ததா?

புதுவரவு:
மன்னிக்கவும் அக்கா, பதற்றத்தில் எழுதவில்லை. வெண்டர் மூலமாக, விசாவும் வெண்டர் பெயரில். ஒப்புதல் இருந்தது, ரிஸ்க் லோ என்று போட்டிருந்தது. எம்ஓபி எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது, அப்படியே செய்தேன். இரண்டாவது லிங்க் உண்டு, ஆனால் அது முந்தைய வெள்ளியிலிருந்தே டவுன், வேலை செய்யவில்லை என்று நேற்றுதான் தெரிந்தது. அதற்கான பழுது டிக்கெட் திறந்தே இருந்திருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை.

சேஞ்ச்மேசை:
இதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். உங்கள் கட்டளை ஒரு லிங்கை இறக்கியது, இன்னொன்று ஏற்கெனவே இறங்கிக் கிடந்தது, அதனால் சைட் தனித்துப் போனது. உள்ளே போகும் வழியும் அதே லிங்க் வழியாக இருந்ததால் ரோல்பேக் செய்ய, அதாவது பழைய நிலைக்குத் திருப்ப, முடியவில்லை. சரியா?

2022 ஜூலை 8-ல் கனடாவில் ரோஜர்ஸ் நெட்வொர்க் நாடு முழுக்க விழுந்தது, ஒரு கோடியே இருபது லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மேல். ஏழு கட்ட வேலையில் ஆறாவது கட்டம் அது. தொடக்கத்தில் ரிஸ்க் ஹை என்றுதான் இருந்தது, முந்தைய கட்டங்கள் நல்லபடி முடிந்ததால் லோ என்று இறங்கிவிட்டது. ஒரு ரவுட்டரில் வடிகட்டியை எடுத்ததும் ரூட்கள் (வழித்தடத் தகவல்கள்) வெள்ளமாகப் பாய்ந்து கோர், அதாவது நெட்வொர்க்கின் மையப் பகுதி, திணறியது, கருவிகளை இயக்க உள்ளே போகும் மேலாண்மை நெட்வொர்க்கும் அதே கோரை நம்பி இருந்ததால் அவர்கள் இன்ஜினியர்களாலேயே உள்ளே போக முடியவில்லை. நாலு சைட்டில் சரியாக வந்தது என்று உங்கள் வேலைக்கும் லோ போட்டிருப்பார்கள். ரிவ்யூவில் இந்தக் கதையைச் சொல்ல வேண்டாம், உங்கள் மனதுக்காகச் சொன்னேன்.

இன்று இரவே கால வரிசை எழுதுங்கள். யூடிசி, அதாவது உலகப் பொது நேரத்தில். எப்போது லாகின், எந்தக் கட்டளை, எப்போது அலாரம், யாரைக் கூப்பிட்டீர்கள், எப்போது சரியானது. "நினைக்கிறேன்" என்ற சொல்லே வரக்கூடாது, லாகிலிருந்து எடுங்கள். திறந்திருந்த டிக்கெட்டின் எண்ணைப் போடுங்கள், அதை எழுதியவர் பெயர் வேண்டாம். நீங்கள் பார்க்கத் தவறியதையும் ஒரு வரியில் நீங்களே எழுதிவிடுங்கள், "ப்ரீ-செக்கில் (வேலைக்கு முன் சோதனையில்) இரண்டாவது லிங்க் நிலையைப் பார்க்கும் படி இல்லை, நானும் சேர்க்கவில்லை" என்று. அதோடு இரண்டு யோசனை. ஒன்று, அந்தப் படியை எம்ஓபியில் சேர்ப்பது. இன்னொன்று, ஜூனிபர் கம்பெனி ரவுட்டராக இருந்தால் கமிட் கன்ஃபர்ம்ட் என்ற கட்டளை, பத்து நிமிடத்தில் உறுதி செய்யாவிட்டால் அதுவே பழைய கான்ஃபிக்குக்குத் திரும்பும்.

கோபுரத்தடி:
வெண்டர் மூலம் என்றால் நான் சொன்னதில் ஒரு பாதி நிற்கிறது. ரிவ்யூவுக்கு முன்னால் வெண்டர் மேனேஜரிடம் பேசிவிடுங்கள், அவருக்கு வேறு யார் வழியாகவோ தெரியக்கூடாது. காண்ட்ராக்டில் ப்ரொபேஷன் எத்தனை மாதம், நோட்டீஸ் எத்தனை நாள் என்றும் இன்றே பாருங்கள்.

சேஞ்ச்மேசை:
ஆமாம், அது அவசியம். விசா வெண்டர் பெயரில் இருப்பதால், இந்த ப்ராஜெக்டிலிருந்து எடுத்தாலும் வேறு இடத்தில் போட அவர்களால் முடியலாம். அதை வெண்டர் மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள். வேலையே போனால் எத்தனை நாள் தங்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், குடியேற்றத் துறையின் தளத்தில் நீங்களே படியுங்கள், எங்கள் யாருடைய பேச்சையும் நம்பி இருக்க வேண்டாம். மனைவியிடமும் சொல்லிவிடுங்கள்.

இரவுஷிஃப்ட்:
ஆன்-காலில் இருக்கிறவர் வேறு கம்பெனி சிம் ஒன்று கூட வைத்திருங்கள். சொந்த நெட்வொர்க் விழுந்தால் பிரிட்ஜில் சேரவே முடியாது.

புதுவரவு:
கால வரிசை முடிந்தது, ஒன்றரைப் பக்கம். எழுதும்போதுதான் கவனித்தேன், நான் மூன்று நிமிடத்துக்குள் ஷிஃப்ட் லீடைக் கூப்பிட்டிருக்கிறேன், மணிக்கணக்கில் உறைந்து நின்றதாக நினைத்துக்கொண்டிருந்தேன். வெண்டர் மேனேஜர் காலை ஒன்பது மணிக்குப் பேசுகிறார். மனைவியிடம் சொன்னேன், டிக்கெட்டை மாற்ற வேண்டாம் என்கிறாள்.

சேஞ்ச்மேசை:
அந்த மூன்று நிமிடத்தையும் ஃபோன் செய்த நேரத்தோடு எழுதியிருக்கிறீர்களா?

புதுவரவு:
இல்லை அக்கா. இப்போது சேர்க்கிறேன்.