மறு: 'ஃபிரிட்' என்பதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும்

அன்புள்ள குழுமத்தார்க்கு வணக்கம்.

கண்ணாடித் தொழிலின் தொடக்கக்கால நுட்பங்களையும் அவற்றைப் பற்றி எழுதப்பட்ட பழைய நூல்களையும் விளக்கும் நூலொன்றை மொழிபெயர்த்து வருகிறேன். அச்சுக்குக் கொடுக்க ஒன்பது நாளே எஞ்சியுள்ள நிலையில், ஒரு சொல் என்னை நகரவிடவில்லை. மணலையும் காரச் சாம்பலையும் கலந்து, முழுவதும் உருகிவிடாத அளவான சூட்டில் நெடுநேரம் கிளறிச் சுட்டால், மணிகள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்ட கட்டி கிடைக்கும். அதன்பின்னரே அதை மூசை என்னும் சூடு தாங்கும் கலத்திலிட்டு உருக்குவர். இந்த இடைநிலைப் பொருளுக்குப் பெயர் ஃபிரிட். 12ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் எழுதிய கைத்தொழில் நூலில், பீச் மரச் சாம்பல் இரண்டு பங்கும் மணல் ஒரு பங்கும் கலந்து ஓர் இரவும் ஒரு பகலும் சுடச் சொல்லப்பட்டிருப்பது இதைத்தான். என் கைப்படியில் 'முன்சுட்ட கலவை' என்று எழுதியிருக்கிறேன். அது விளக்கமாக இருக்கிறதே தவிரப் பெயராகவில்லை. ஒரே பக்கத்தில் பதினொரு முறை வரும்போது படிக்கவே முடியவில்லை.

*

ஐயா, வணக்கம்.

மூலச்சொல்லே வழிகாட்டுகிறது. இத்தாலிய மொழியில் 'ஃபிரித்தா' என்றால் வறுத்தது என்று பொருள். 1612இல் ஃபிளாரன்சில் அச்சான அந்தோனியோ நேரியின் கண்ணாடிக்கலை நூல் இச்சொல்லைத் தொழிலாளர் வழக்கிலிருந்து எடுத்து ஆள்கிறது; 1662இல் கிறிஸ்டஃபர் மெரட் அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது அதையே சிறிது திரித்து வைத்துக்கொண்டார். நேரி காட்டும் செய்முறையைப் பாருங்கள்: வெண்கூழாங்கல்லைப் பொடித்துச் சலித்து, சாம்பலிலிருந்து வடித்த உப்போடு கலந்து, தனி உலையில் பரப்பி, நீண்ட வாரியால் ஓயாமல் துழாவ வேண்டும். வறுப்பவர் கை வேறென்ன செய்கிறது? ஆகவே 'வறுகலவை' என்கிறேன். 'காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை' என்னும் நன்னூல் விதிப்படி இது வறுத்த, வறுக்கின்ற, வறுக்கும் கலவை என முக்காலத்துக்கும் பொருந்தும். வினைத்தொகையாதலால் வல்லினம் மிகாது; 'வறுக்கலவை' என்று எவரும் எழுதிவிட வேண்டாம்.

*

வறுகலவையை என்னால் ஏற்க முடியவில்லை. 'வறு' என்னும் அடிக்கு இன்மைப் பொருளும் உண்டு. வறுங்கை என்றால் வெறுங்கை, வறுநிலம் என்றால் தரிசு. மெல்லினம் தோன்றும் தோன்றாது என்னும் வேறுபாட்டை இலக்கணம் கற்றவர் கண்டுகொள்வர். மற்றவர்க்கு அது வளமற்ற கலவை என்றுதான் படும். மேலும், இத்தாலியச் சொல்லின் வேர் நெய்யில் இடுவதைக் குறிப்பது. அதற்கு நிகர் பொரித்தலே அன்றி வறுத்தல் அன்று. 'பொரி' என்பதற்குச் சொரசொரப்பு என்னும் பழம்பொருளும் இருப்பதை மறந்துவிடக் கூடாது. சங்கப் பாடல்களில் வரும் 'பொரியரை' என்பது செதில் வெடித்த அடிமரம். காய்ந்து வெடித்த மேல்தோலைப் பொருக்கு என்கிறோம். சூட்டில் பிறந்து, புறம் பொரிந்து, தட்டினால் உதிரும் ஒரு பொருளுக்குப் 'பொரிமணல்' என்பதைவிடப் பொருந்திய பெயர் உண்டா? இன்னொன்றும் சொல்கிறேன். பழைய மெசொப்பொத்தேமிய நகரமான நினிவேயில் கிடைத்த, அக்காடிய மொழியில் எழுதப்பட்ட கி.மு. 7ஆம் நூற்றாண்டுக் களிமண் பலகைகளில், சுட்டு, ஆறவைத்து, அரைத்து, மீண்டும் சுடப்படும் இடைநிலைப் பொருளுக்குச் 'சுக்கூ' என்று பெயர். நம் 'சுக்கு' உலர்ந்ததையும் 'சுக்குநூறு' நொறுங்கியதையும் குறிப்பதை ஆய்ந்து பார்க்க வேண்டும்.

*

ஐயா பொறுத்தருள வேண்டும். அக்காடியச் சொல் தெளிவு, தூய்மை என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. நம் சுக்கோடு அதற்கு உள்ளது ஒலி ஒப்புமை மட்டுமே.

நான் வேதியியல் கற்பிப்பவள். குவார்ட்சுப் பொடியையும் சோடாவையும் ஆய்வுக்கூட உலையில் சுமார் 800 டிகிரியில் வைத்து எடுத்திருக்கிறேன். வெளியே வந்தது காய்ந்த மணற்கட்டி போன்ற சாம்பல்நிற வெள்ளைத் துண்டு. கட்டைவிரலால் அழுத்தினால் ஓரம் உதிர்ந்தது. உருப்பெருக்கியில் மணிகள் தொடும் மூலைகளில் மட்டும் மெல்லிய பளபளப்புத் தெரிந்தது. கரியமில வாயு வெளியேறுவதும், சாம்பலில் எஞ்சிய கரி எரிந்து போவதும் இக்கட்டத்தில் நடந்துவிடுவதால்தான் பின்னர் மூசையில் உருகும் கலவை நுரைத்துப் பொங்குவதில்லை. இவ்வளவையும் வறுத்தல் என்பதோ பொரித்தல் என்பதோ சொல்லிவிடாது. மாணவர் பீங்கான் மெருகுப் பாடத்தில் 'ஃபிரிட்' என்றே படிக்கின்றனர். அதை அப்படியே எழுதுவதில் தமிழுக்கு என்ன குறை?

சொல்லைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. தொல்லியலார் ஒரே பெயரை இரு பொருள்களுக்கு இடுகின்றனர். எகிப்தின் கந்தீரில், கி.மு. 13ஆம் நூற்றாண்டில், முதற்சூட்டைப் பழைய பியர் சாடிகளில் நடத்தி, அதில் கிடைத்ததை நொறுக்கிக் கழுவி, பின் உருளை மூசைகளில் நிறமேற்றி உருக்கியிருக்கின்றனர். அங்கே முதலில் கிடைப்பது கண்ணாடிக்கான முன்பொருள். எகிப்திய நீலம் என்னும் நிறமியையும் ஃபிரிட் என்றே எழுதுகின்றனர், அதுவோ செம்பும் சுண்ணமும் சிலிக்காவும் சேர்ந்து படிகமான, முடிந்த பொருள், கண்ணாடியாகவே ஆகாதது. இரண்டையும் ஒரு சொல்லில் அடைத்தால் நூல் தவறு செய்யும்.

*

'கிட்டம்' என்னும் சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாமே?

*

கிட்டம் என்பது உலோகத்தினின்று நீக்கி எறியும் கழிவு. இதுவோ கழிவை நீக்கியபின் காத்துவைக்கும் பொருள். நேர் எதிரான சொல்லை இடுவது தகாது.

*

மறுமொழி அளித்த அனைவர்க்கும் நன்றி.

தனிமடல்களையும் சேர்த்து ஏழு பேர் வறுகலவையையும், மூவர் ஃபிரிட்டையும், ஒருவர் பொரிமணலையும் விரும்புகின்றனர். அம்மையார் சுட்டிய இருபொருட் சிக்கல் என் கைப்படியில் நான்கு இடங்களில் உண்மையாகவே இருந்தது, நான் கவனித்திருக்கவில்லை. அங்கெல்லாம் 'எகிப்திய நீலம்' என்றே திருத்திவிட்டேன். கண்ணாடிக்கான முன்பொருள் வரும் இடங்களில் 'வறுகலவை' என்று இட்டு, ஒவ்வோர் இயலிலும் முதன்முறை வரும்போது பக்கத்தில் 'ஃபிரிட்' என்றும் எழுதுகிறேன். 'எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே' என்று தொல்காப்பியர் சொன்னது போல, வழக்கில் வந்தால் இதுவும் பொருள் குறிக்கும் என நம்புகிறேன். கைப்படியை வெள்ளியன்று அனுப்புகிறேன்.

*

பொரிமணலை விரும்பிய அந்த ஒருவன் நான்தான். பெரும்பான்மையை மதிக்கிறேன்; ஆயினும் சொல்லடைவில் 'வறுகலவை, பொரிமணல் எனவும் கூறலாம்' என்று ஒரு வரி சேர்க்க இடமிருக்குமா? பொரியரைக்கு மேற்கோள்கள் ஆறு திரட்டி வைத்திருக்கிறேன். நாளை காலை அனுப்புகிறேன்.