நைட்ரோ வளையத்தில் ஃப்ளூரின் எப்படி இவ்வளவு சுலபமாக வெளியேறுகிறது?

கேள்வி (கிளமெண்டி_வேதி):
குளோரோபென்சீனில் நியூக்ளியோஃபைல் (எலக்ட்ரான் இணையைத் தந்து தாக்கும் பொருள்) பதிலீடு நடக்காது என்று ஜேசியில் (ஜூனியர் காலேஜில்) படித்தோம். யூனி லேபில் 4-ஃப்ளூரோநைட்ரோபென்சீனையும் மார்ஃபோலினையும் (ஒரு அமீன்) டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் சூடாக்கினால் ஃப்ளூரின் போய்விடுகிறது. ஹாலஜன்களில் கார்பனோடு வலுவாகப் பிணைவது ஃப்ளூரின்தானே? அயோடின் அல்லவா முதலில் போகவேண்டும்? டிஎல்சியில் (மெல்லடுக்கு நிறப்பகுப்பில்) இன்னொரு புள்ளியும் இழுத்துக்கொண்டு வருகிறது. அது என்ன?

பதில் 1 (அம்புக்குறி):
ஜேசியில் படித்தது தவறில்லை, நைட்ரோ இல்லாத வளையத்துக்கு அது பொருந்தும். பின்பக்கத் தாக்குதலை வளையமே மறிப்பதால் எஸ்என்2 (ஒரே படியில் பதிலீடு) கிடையாது. ஃபீனைல் கேட்டயான் நிலைக்காது, ஆகவே எஸ்என்1-உம் (ஹாலஜன் முதலில் போய் கேட்டயான் உருவாகும் வழி) கிடையாது.

இங்கே முதலில் சேர்க்கை, பிறகு நீக்கம். ஃப்ளூரின் உள்ள கார்பனிலேயே மார்ஃபோலினின் நைட்ரஜன் வந்து சேரும். அந்தக் கார்பன் எஸ்பி3 (நான்கு ஒற்றைப் பிணைப்பு கொண்டது) ஆகும், வளையம் அரோமாட்டிக் தன்மையை (எலக்ட்ரான்கள் வளையம் முழுக்கப் பரவியிருப்பதால் வரும் நிலைப்பை) இழக்கும். வளையத்தில் சேர்ந்த எலக்ட்ரான் சுமையை நைட்ரோவின் ஆக்சிஜன்கள் வாங்கிக்கொள்ளும். இதுதான் மைசன்ஹைமர் காம்ப்ளெக்ஸ் (மைசன்ஹைமர் 1902-இல் விளக்கியது). மெதுவான படி இதுவே. கார்பன்–ஃப்ளூரின் பிணைப்பு உடைவது அதற்குப் பிறகு, வேகமாக. எனவே பிணைப்பின் வலு வேகத்தைத் தீர்மானிப்பதில்லை. ஃப்ளூரின் எலக்ட்ரானை இழுத்து அந்தக் கார்பனைத் தாக்குதலுக்குத் திறந்துவிடுவதுதான் தீர்மானிக்கிறது. ஃப்ளூரின் முதலில், வெகுதூரம் பின்னால் குளோரினும் ப்ரோமினும், கடைசியில் அயோடின்.

நைட்ரோவை மெட்டாவில் (ஃப்ளூரினிலிருந்து ஒரு கார்பன் தள்ளி) வைத்து அம்புக்குறி போட்டுப் பாருங்கள். சுமை நைட்ரோ இருக்கும் கார்பனுக்கு வரவே வராது. 4-குளோரோநைட்ரோபென்சீனுக்கு சோடியம் ஹைட்ராக்சைடும் சுமார் 160 டிகிரியும் தேவை. 2,4,6-இல் மூன்று நைட்ரோ இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரே போதும்.

பதில் 2 (ஃப்யூம்ஹூட்):
அந்தப் புள்ளி பெரும்பாலும் 4-நைட்ரோஃபீனால். டிஎல்சி தகட்டை அம்மோனியா ஆவியில் காட்டுங்கள், அந்தப் புள்ளி அடர் மஞ்சளானால் உறுதி. காரணம் தண்ணீர். சிங்கப்பூர் ஈரப்பதத்தில் திறந்துவைத்த பொட்டாசியம் கார்பனேட் (வினைக்குச் சேர்க்கும் காரம்) சீக்கிரமே ஈரம் இழுத்துவிடும். அதில் உருவாகும் ஹைட்ராக்சைடும் நியூக்ளியோஃபைல்தான். கார்பனேட்டைப் பொடித்து 120 டிகிரி சூட்டடுப்பில் இரவு முழுக்க உலர்த்துங்கள்.

அளவு: 4-ஃப்ளூரோநைட்ரோபென்சீன் 1.41 கிராம் (10 மில்லிமோல்), மார்ஃபோலின் 1.05 கிராம் (12), கார்பனேட் 2.1 கிராம் (15), உலர் டிஎம்எஸ்ஓ 10 மி.லி. 80–90 டிகிரியில் கலக்கி, டிஎல்சியில் தொடக்கப்பொருள் மறையும்வரை விடுங்கள். 100 மி.லி. ஐஸ் தண்ணீரில் ஊற்றினால் மஞ்சள் திண்மம் வீழும். நீர்த்த கார்பனேட் கரைசலால் கழுவினால் நைட்ரோஃபீனால் தண்ணீரோடு போய்விடும்.

டிஎம்எஸ்ஓவுக்குப் பதிலாக டிஎம்எஃப் என்ற கரைப்பானில் செய்தால் வெப்பத்தை ஏற்றாதீர்கள். அது சிதைந்து டைமீத்தைலமீன் வரும், அதுவும் வளையத்தைத் தாக்கும். கையுறை கட்டாயம்: டிஎம்எஸ்ஓ தன்னில் கரைந்ததைத் தோலுக்குள் கொண்டுபோகும். 2,4-டைநைட்ரோ ஹாலைடுகள் கடுமையான தோல் ஒவ்வாமை தருபவை.

கிளமெண்டி_வேதி:
நன்றி அண்ணே. அப்படியானால் நைட்ரோ இல்லாத குளோரோபென்சீன் சோடமைடுடன் (சோடியம் அமைடு, வலுவான காரம்) அனிலின் தருவது எப்படி?

பதில் 3 (அம்புக்குறி):
அது வேறு வழி, பென்சைன் (வளையத்தில் பக்கத்துப் பக்கத்து இரு கார்பன்களுக்கிடையே முப்பிணைப்பு உள்ள இடைநிலைப் பொருள்). 1953-இல் ராபர்ட்ஸ் குழு குளோரின் இருந்த கார்பனை கார்பன்-14 ஆக்கிப் பார்த்தது. அமினோ தொகுதி ஏறக்குறைய பாதிக்குப்பாதி அந்தக் கார்பனிலும் பக்கத்துக் கார்பனிலும் உட்கார்ந்தது. உங்கள் வினையில் மார்ஃபோலின் ஃப்ளூரின் இருந்த இடத்தில் மட்டுமே வரும். என்எம்ஆரில் (அணுக்கருக் காந்த ஒத்திசைவு நிறமாலையில்) பாரா அமைப்புக்குரிய இரண்டு டப்ளெட் (இரட்டைக் கோடு) தெரியும்.